பாலின அடையாளம் உருவாவதில் இயற்கைக்கும் சூழலுக்கும் உள்ள பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் தம்மை ஆணாகவோ, பெண்ணாகவோ, இவ்விரண்டிலும் அடங்காதவராகவோ உணர்வதற்குப் பிறவி காரணமா, வளர்ப்பு காரணமா என்ற கேள்வி பல வடிவங்களில் திரும்பத் திரும்ப எழுகிறது. அவற்றுள் முக்கியமானவற்றுக்கு, இதுவரையிலான ஆய்வுகள் இடம்தரும் அளவுக்கு, இங்கே விடை தரப்படுகிறது.

பாலின அடையாளம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒருவர் தம்முடைய பாலினம் இன்னது என்று உள்ளூர அறிந்திருப்பதே பாலின அடையாளம். குரோமோசோம், சுரப்பி, உறுப்பு ஆகியவற்றை வைத்துச் சொல்லப்படுவது பால். உடை, நடை, பேச்சு ஆகியவற்றின் வழியாக வெளியே தெரிவது பாலின வெளிப்பாடு. யார் மீது ஈர்ப்பு உண்டாகிறது என்பது பாலீர்ப்பு. இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன. பொம்மைகளை விரும்பும் சிறுவன் தன்னைச் சிறுவன் என்றே உறுதியாக உணரலாம். அங்கே வழக்கத்திலிருந்து விலகி இருப்பது அவனுடைய விருப்பம் மட்டுமே, அடையாளம் அன்று.

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலும் உள்ளுணர்வும் ஒத்துப்போகிறவர்களுக்கு இந்த அடையாளம் இருப்பதே தெரிவதில்லை. கால் வலிக்காதவரைக் கால் நினைவுக்கு வராததைப் போன்றது இது. அதனால் இது, அவ்விரண்டும் ஒத்துப்போகாத திருநருக்கு மட்டும் உரிய ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகிறவர்களுக்கும் இந்த அடையாளம் உண்டு. அது எப்படி வந்தது என்ற கேள்வியும் அதே அளவில் அவர்களுக்குப் பொருந்தும்.

இயற்கை, சூழல் என்ற பிரிப்பே சரியா?

பேச்சு வசதிக்குச் சரி. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சூழல் என்றதும் பெற்றோர், பள்ளி, ஊடகம் ஆகியவையே பலரின் நினைவுக்கு வருகின்றன. ஒரு கருவுக்கு முதல் சூழல் கருப்பைதான். தாயின் இரத்தத்தில் உள்ள ஹார்மோன்கள், நஞ்சுக்கொடியின் இயக்கம், தாய் உட்கொள்ளும் மருந்து ஆகிய எல்லாமே மரபணுவுக்கு வெளியே இருப்பவை. ஆயினும் அவற்றை ஒருவரும் வளர்ப்பு என்று சொல்வதில்லை. ஆகவே, பிறவியிலேயே வந்தது என்பதும் மரபணுவிலேயே எழுதப்பட்டது என்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கீழே வரும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும் இடங்கள் பெருமளவு தெளிவாகிவிடும்.

கருவில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஏறத்தாழ ஆறாவது வாரம் வரை எல்லாக் கருக்களும் ஒரே அமைப்பைக் கொண்டிருக்கின்றன. விந்தகமாகவோ சூலகமாகவோ மாறக்கூடிய ஒரே திசுவும், இரு வகைக் குழாய்களும் எல்லாக் கருக்களிலும் இருக்கின்றன. அதன் பின் ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு செயல்படத் தொடங்கினால் அந்தத் திசு விந்தகமாக மாறுகிறது. இந்த மரபணு 1990-இல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே, பொதுவாகப் பெண்ணுக்குரிய எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட எலிக் கருவில் அதைச் செலுத்தியபோது அந்த எலி ஆணுறுப்புகளுடன் வளர்ந்தது.

விந்தகம் உருவானதும் அது டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அதன் செயலால் முதல் மூன்று மாதங்களில் பிறப்புறுப்பு உருப்பெறுகிறது. மூளையின் வளர்ச்சியோ பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. உறுப்பு உருவாகும் காலமும் மூளை உருவாகும் காலமும் வெவ்வேறாக இருப்பதால், இரண்டும் வெவ்வேறு அளவிலான ஹார்மோன் தாக்கத்தைப் பெற வழியுண்டு என்பது ஒரு கருதுகோள். திருநர் அனுபவத்துக்கு இது ஒரு விளக்கமாகப் பலராலும் முன்வைக்கப்படுகிறது. கால இடைவெளி இருப்பது உறுதியான செய்தி. அந்த இடைவெளியே அடையாளத்தைத் தீர்மானிக்கிறது என்பது நிறுவப்படவில்லை.

அப்படியானால் ஹார்மோன்தான் அடையாளத்தைத் தீர்மானிக்கிறதா?

மனிதக் கருவில் ஹார்மோனை ஏற்றியும் இறக்கியும் சோதனை செய்ய எவருக்கும் உரிமை இல்லை. எனவே, இயற்கையிலேயே ஹார்மோன் அளவு மாறுபட்டுப் பிறந்தவர்களின் வாழ்க்கையிலிருந்துதான் கற்க முடிகிறது. மூன்று நிலைகள் இங்கே முக்கியமானவை. மூன்றும் மூன்று திசையைக் காட்டுகின்றன.

முதலாவது, பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பி மிகுதியாக வளர்ந்திருக்கும் நிலை. ஒரு நொதியின் குறைபாட்டால் அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோன்களை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இந்நிலையில் பிறக்கும் எக்ஸ்எக்ஸ் குழந்தைகள், சராசரியாகப் பார்த்தால், வண்டிகளையும் ஓடியாடும் விளையாட்டுகளையும் மற்றச் சிறுமிகளைவிட அதிகம் விரும்புகிறார்கள். பெற்றோர் பெண்ணுக்குரிய பொம்மைகளையே கொடுத்தாலும் இந்தச் சாய்வு குறைவதில்லை. ஆனால் அடையாளம் என்று வரும்போது கதை வேறு. பெண்ணாக வளர்க்கப்பட்ட இத்தகைய 250 பேரைப் பற்றிய பதிவுகளை 2005-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தனர். ஹார்மோன் விருப்பத்தைத் தெளிவாகவே நகர்த்தியிருக்கிறது. அடையாளத்தைச் சிலரிடம் மட்டுமே நகர்த்தியிருக்கிறது. ஆயினும் எஞ்சிய ஐந்து விழுக்காடு என்பது பொது மக்களிடையே காணப்படுவதைவிட மிகக் கூடுதல் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, உடலில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தும் அதை ஏற்கும் ஏற்பி முற்றிலும் செயல்படாத நிலை. பொதுவாக ஆணுக்குரிய எக்ஸ்ஒய் குரோமோசோம் கொண்ட இவர்கள் பெண் உடலமைப்புடன் பிறக்கிறார்கள், பெண்ணாக வளர்க்கப்படுகிறார்கள், பெரும்பாலும் பெண்ணாகவே உணர்கிறார்கள். ஒய் குரோமோசோம் இருந்தால் ஆண் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைந்துவிடுகிறது. ஆனால் ஹார்மோனின் செயலின்மை, வளர்ப்பு ஆகிய இரண்டும் இங்கே ஒரே பக்கம் இழுப்பதால், எது காரணம் என்று பிரித்துச் சொல்ல இந்நிலை உதவாது.

மூன்றாவதில் அவ்விரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான வடிவத்துக்கு மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதி குறைந்தால், எக்ஸ்ஒய் குழந்தை பிறக்கும்போது பெண் குழந்தையைப் போலத் தோன்றும். பருவமெய்தும்போது குரல் தடித்து, தசை பெருத்து, ஆணுறுப்பு வளரும். டொமினிக்கன் குடியரசின் சில கிராமங்களில் இந்நிலை தலைமுறைகளாக இருந்து வந்ததை 1974-இல் வெளியான ஆய்வு உலகுக்குத் தெரியப்படுத்தியது. ஐயமின்றிப் பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பின்னர் விவரம் பெறப்பட்ட 18 பேரில் 17 பேர் பருவமெய்திய பிறகு ஆண் அடையாளத்துக்கு மாறினர். பன்னிரண்டு ஆண்டு வளர்ப்பை ஹார்மோன் தோற்கடித்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அப்போது பலர் கேட்டனர். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இப்படி மாறுகிறவர்களுக்கென்று அந்த ஊர் மக்களின் பேச்சில் ஒரு பெயரே இருந்தது. மாற்றம் நிகழக்கூடும் என்று ஊர் அறிந்திருந்தது. மாறியவருக்கு ஓர் இடமும் காத்திருந்தது. உடல் மாறியது ஹார்மோனால். அந்த மாற்றத்தை வெட்கமின்றி ஏற்று வாழ முடிந்ததில் ஊருக்கும் பங்குண்டு.

வளர்ப்பினால் மட்டும் ஒரு பாலின அடையாளத்தை உருவாக்கிவிட முடியுமா?

முடியும் என்று நம்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பெரிய விலை கொடுத்தவர் கனடாவின் வின்னிபெக் நகரில் 1965-இல் இரட்டையரில் ஒருவராகப் பிறந்த டேவிட் ரெய்மர். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, முன்தோல் நீக்கும் அறுவையில் நேர்ந்த விபத்தால் அவருடைய ஆணுறுப்பு அழிந்துவிட்டது. பாலின அடையாளம் முதல் சில ஆண்டுகளின் வளர்ப்பால் அமைவது என்று கருதிய உளவியலாளர் ஜான் மணியின் அறிவுரைப்படி, குழந்தைக்குப் பெண் பெயர் சூட்டி, அறுவை செய்து, பெண்ணாகவே வளர்த்தனர். ஒரே மரபணு கொண்ட உடன்பிறந்தவன் ஆணாக வளர்ந்துகொண்டிருந்ததால், இது வெற்றி பெற்ற சோதனை என்று பாடநூல்களில் ஏறியது.

வீட்டுக்குள் நடந்தது வேறு. அந்தக் குழந்தை பெண்ணுடையைக் கிழித்தது. பள்ளியில் கேலிக்கு ஆளானது. பதினான்காம் வயதில் உண்மை சொல்லப்பட்டதும் தயக்கமின்றி ஆணாக வாழத் தொடங்கியது. 1997-இல் மில்டன் டயமண்ட், கீத் சிக்மண்ட்சன் ஆகியோர் எழுதிய கட்டுரையால்தான் உண்மை நிலை வெளியே வந்தது. ரெய்மர் 2004-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதோடு கதையை முடித்துவிட்டு, வளர்ப்பு ஒன்றுமில்லை என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் குறிப்பிடாத இன்னொரு நிகழ்வு 1998-இல் பதிவாயிற்று. ஏறக்குறைய அதே விபத்துக்குள்ளாகி, ரெய்மரைவிடச் சற்று இளம் வயதிலேயே பெண்ணாக வளர்க்கப்பட்ட ஒருவர், வளர்ந்த பின்னும் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தார். 2004-இல் வெளியான ஓர் ஆய்வும் இதே போன்று கலவையான விடையையே தந்தது. ஆணுறுப்பு சரிவர உருவாகாமல் பிறந்து, பெண்ணாக வளர்க்கப்பட்ட எக்ஸ்ஒய் குழந்தைகள் 14 பேரில் 8 பேர் ஆய்வுக் காலத்திலேயே தம்மை ஆண் என்று அறிவித்தனர்; ஏனையோருள் பெரும்பாலோர் பெண்ணாகவே தொடர்ந்தனர். இவற்றை ஒருசேரப் பார்த்தால், வளர்ப்பு சிலருக்குப் பொருந்துகிறது, சிலருக்குப் பொருந்தவே இல்லை. யாருக்குப் பொருந்தும் என்பதைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காத இடைப்பாலினராகப் பிறக்கும் குழந்தைகளுக்கு, அவர்களின் ஒப்புதலுக்கு முன்பே, உயிருக்கு இன்றியமையாததல்லாத அறுவைகளைச் செய்துவிடக் கூடாது என்ற கோரிக்கை வலுப்பெற்றதில் இந்த அனுபவங்களுக்குப் பங்குண்டு.

இதற்கென்று ஒரு மரபணு இருக்கிறதா?

இல்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவர் திருநராக இருக்கும்போது மற்றவரும் அவ்வாறே இருக்கிறாரா என்று பார்ப்பது ஒரு வழி. 2012-இல் வெளியான ஒரு தொகுப்பில், ஒரு கரு இரட்டையர் 23 இணைகளுள் 9 இணைகளில் இருவருமே திருநராக இருந்தனர். ஒரே பாலைச் சேர்ந்த இரு கரு இரட்டையர் 21 இணைகளுள் அவ்வாறு ஒன்றுகூட இல்லை. இது மரபணுவின் பங்கைக் காட்டுகிறது. அதே எண், மீதி 14 இணைகளில் மரபணு ஒன்றாக இருந்தும் அடையாளம் ஒன்றாக அமையவில்லை என்பதையும் காட்டுகிறது. சுவீடனின் மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு 2022-இல் செய்யப்பட்ட ஆய்விலோ, ஒரு கரு இரட்டையரிடம் இந்த ஒற்றுமை தென்படவில்லை. ஆணும் பெண்ணுமாகப் பிறந்த இரட்டையரிடமே தென்பட்டது. கருப்பையைப் பகிர்ந்துகொண்டது காரணமாக இருக்கலாம் என்ற எண்ணத்தை இது எழுப்புகிறது. எண்ணிக்கை சிறிதாக உள்ள துறையில் ஓர் ஆய்வை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

ஆண் மூளை, பெண் மூளை என்று உண்டா?

1995-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இறந்துபோன ஆறு திருநங்கையரின் மூளையில் ஒரு சிறு நரம்பணுத் தொகுதி பெண்களுக்கு உரிய அளவிலேயே இருந்ததாக அறிவித்தபோது, விடை கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்தனர். ஆனால் அந்தத் தொகுதியில் ஆண், பெண் வேறுபாடு வயதுவந்த பிறகே தெளிவாகத் தோன்றுகிறது என்பதை அதே ஆய்வுக் குழு 2002-இல் கண்டது. பலர் தம் பாலினத்தை மூன்று, நான்கு வயதிலேயே சொல்லிவிடும்போது, வளர்ந்த பின் தோன்றும் வேறுபாடு அதற்குக் காரணமாக இருப்பது கடினம்; அதன் விளைவாகவும் இருக்கலாம். 2015-இல் டாஃப்னா ஜோயல் குழுவினர் 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்து, முழுக்க ஆணுக்குரிய அல்லது முழுக்கப் பெண்ணுக்குரிய கூறுகளை மட்டுமே கொண்ட மூளைகள் அரிது என்றும், பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை என்றும் கூறினர்.

சமூகச் சூழல் எந்த வயதிலிருந்து செயல்படத் தொடங்குகிறது?

குழந்தை சொல் கற்பதற்கு வெகு முன்பே. 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் காட்சிப் பதிவை 200-க்கும் மேற்பட்டோருக்குக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்ததும் துள்ளி எழும் பொம்மையைக் கண்டு குழந்தை வீறிட்டு அழுகிறது. பையன் என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அழுகையில் கோபத்தைக் கண்டார்கள். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அச்சத்தைக் கண்டார்கள். பார்த்ததென்னவோ ஒரே குழந்தையின் ஒரே அழுகைதான். கோபம் என்று எடுத்துக்கொண்டவர் குழந்தையை அணுகும் விதமும், பயம் என்று எடுத்துக்கொண்டவர் வாரி அணைக்கும் விதமும் ஒன்றாக இருக்கப் போவதில்லை. ஒரு நாளில் இப்படி எத்தனை அழுகை, ஓர் ஆண்டில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு, இரண்டரை வயதில் குழந்தை தன்னைப் பையன் என்றோ பெண் என்றோ சொல்லத் தொடங்குகிறது. ஆனால் அது நிலையானது, உடையையோ முடியையோ மாற்றினால் மாறாதது என்ற புரிதல் ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் உறுதியாகிறது. இதை 1966-இல் லாரன்ஸ் கோல்பெர்க் விளக்கினார். இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தைகள் வெளிச் சின்னங்களையே பாலினமாக எடுத்துக்கொள்கிறார்கள். உளவியலாளர் சாண்ட்ரா பெம் தம் மகனைப் பற்றிச் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. தலையில் முடி ஊசி செருகிக்கொண்டு மழலையர் பள்ளிக்குச் சென்ற அவனை, இன்னொரு சிறுவன் நீ பெண்தான் என்று நாள் முழுக்கச் சீண்டினான். பொறுக்க முடியாமல் இவன் கால்சட்டையை இறக்கிக் காட்டியே நிரூபித்தான். மற்றவன் அசரவில்லை: அது எல்லாருக்கும் இருக்கும், முடி ஊசி பெண்களுக்கு மட்டும்தான் இருக்கும் என்றானாம்.

மொழியும் சூழலே. தமிழில் இது விந்தையாக அமைந்திருக்கிறது. நான் வந்தேன் என்று சொல்லும் குழந்தையின் வாக்கியத்தில் பால் இல்லை. வந்தான், வந்தாள் என்று பிறர் சொல்லும்போதுதான் பால் வந்து ஒட்டிக்கொள்கிறது. தன்னைப் பற்றித் தான் பேசும்போது இல்லாத ஒன்றை, குழந்தை பிறர் வாயிலிருந்தே முதலில் கேட்கிறது.

இயற்கையும் சூழலும் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு, அது எலியிடமிருந்து வருகிறது. தாய் எலி தன் குட்டிகளின் பின்புறத்தை நக்கித் தூய்மை செய்யும். செலியா மூர் என்னும் ஆய்வாளர், ஆண் குட்டிகளைத் தாய் கூடுதலாக நக்குவதை 1980-களில் கவனித்தார். டெஸ்டோஸ்டிரோனால் ஆண் குட்டியின் சிறுநீர் மணம் மாறுகிறது. அந்த மணமே தாயை ஈர்க்கிறது. தாயின் மோப்பத்தைத் தடுத்தால் நக்குவது குறைகிறது. குறைவாக நக்கப்பட்ட ஆண் குட்டிகள் வளர்ந்த பின் அவற்றின் புணர்ச்சி நடத்தையிலும், தண்டுவடத்தில் அதற்கு உதவும் நரம்பணுக்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடு தென்பட்டது. ஹார்மோன் மணத்தை மாற்றுகிறது, மணம் தாயை மாற்றுகிறது, தாயின் நாக்கு குட்டியின் நரம்பை மாற்றுகிறது. இதில் எத்தனை விழுக்காடு இயற்கை, எத்தனை விழுக்காடு வளர்ப்பு என்று கேட்டால் கேள்வியே பொருளிழந்து போகிறது. எலிக்கு நாம் சொல்லும் பொருளில் பாலின அடையாளம் கிடையாது. ஆகவே இதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் உடலில் தொடங்கும் ஒன்று சுற்றியுள்ளோரின் நடத்தை வழியாகத் திரும்பி உடலுக்கே வந்து சேரும் பாதை எப்படி இருக்கும் என்பதை இது கண்முன் காட்டுகிறது.

பெற்றோரின் வளர்ப்பு முறையால் ஒரு குழந்தை திருநராக மாறுமா?

அப்படிக் காட்டும் நம்பத்தகுந்த சான்று இல்லை. கண்டிப்பில்லாத தந்தை, அளவுக்கு மீறி நெருங்கிய தாய் என்றெல்லாம் ஒரு காலத்தில் காரணம் சொன்னார்கள்; அவை நிலைக்கவில்லை. அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்ட திருநர் குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. பிறந்தது முதல் பல ஆண்டுகள் ஒரு பாலினமாக நடத்தப்பட்டிருந்தும், இக்குழந்தைகளின் அடையாளமும் விருப்பங்களும் தாம் உணரும் பாலினத்தைச் சேர்ந்த ஏனைய குழந்தைகளை ஒத்தே இருந்தன. எவ்வளவு காலம் எந்தப் பாலினமாக நடத்தப்பட்டார்கள் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பெற்றோரின் விருப்பம் மட்டுமே போதுமென்றால், திருநர் என்று ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். ஏனெனில் அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே வேறொரு பாலினமாகத்தான் வளர்க்கப்பட்டார்கள்.

சூழலுக்குப் பங்கே இல்லை என்று பொருளா?

இல்லை. உணர்வைச் சொல்ல எந்தச் சொற்கள் கைவசம் உள்ளன, எந்த வடிவில் வாழ இடமுண்டு, அதை எந்த வயதில் வெளியே சொல்லத் துணிவு வருகிறது என்பவை சூழலைப் பொறுத்தவை. பசிபிக் தீவு நாடான சமோவாவில், ஆணாகப் பிறந்து பெண்தன்மையுடன் வாழும் ஃபாஅஃபாஃபினே என்று ஒரு பிரிவினர் ஏற்கெனவே அறியப்பட்டிருப்பதால், அங்கே வளரும் குழந்தைக்குத் தன்னை அடையாளம் காண ஒரு சொல் முன்கூட்டியே கிடைக்கிறது. அந்தச் சொல் இல்லாத ஊரில் அதே உணர்வு பல ஆண்டுகள் பெயரின்றிக் கிடக்கலாம். தங்களை வெளிப்படுத்திக்கொள்வோரின் எண்ணிக்கை ஒரு சமூகத்தில் உயரும்போது, உணர்வு புதிதாகத் தோன்றுகிறதா, சொல் புதிதாகக் கிடைத்திருக்கிறதா என்பதை வெறும் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்ய முடியாது.

நெகிழி, பூச்சிக்கொல்லி போன்ற வேதிப்பொருள்கள் காரணமாகுமா?

ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும் வேதிப்பொருள்கள் இருப்பதும், அவை இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிப்பதும் விலங்குகளில் காணப்பட்டவை. பாலின அடையாளத்தை அவை மாற்றுவதாக நிறுவப்படவில்லை.

இது ஒரு நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலும் உள்ளுணர்வும் ஒத்துப்போகாத பாலின இசைவின்மையை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிப் பாலியல் நலம் குறித்த பிரிவில் வைத்தது. 2022 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. பட்டியலிலிருந்தே முழுமையாக நீக்காததற்குக் காரணம், மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கு அது கிடைக்க ஒரு குறியீடு வேண்டும் என்பதே.

சிறு வயதில் சொன்னது பிறகு மாறிவிடுமா?

சிலருக்கு மாறும். மருத்துவமனைகளுக்கு அழைத்து வரப்பட்ட குழந்தைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளில் கணிசமானோர் பின்னர் திருநராகத் தொடரவில்லை. ஆனால் அவர்களில் பலர் வழக்கத்துக்கு மாறான நடத்தைக்காக மட்டுமே அழைத்து வரப்பட்டவர்கள். தாம் உணரும் பாலினத்திலேயே வாழத் தொடங்கிவிட்ட 317 பேரைப் பின்தொடர்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் 94 விழுக்காட்டினர் அதே அடையாளத்தில் இருந்தனர். இரண்டு ஆய்வு வகைகளும் ஒரே குழந்தைகளைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனிக்காமல், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய்யாக்க முயல்வது இருதரப்பிலும் நடக்கிறது.

இரத்தப் பரிசோதனை, மரபணுச் சோதனை, மூளைப் படம் ஆகியவற்றால் ஒருவரின் பாலின அடையாளத்தை அறிய முடியுமா?

முடியாது. இடைப்பால் நிலை உள்ளதா என்று அறிய அச்சோதனைகள் உதவும். அடையாளத்தை அறிய உதவா. மேலே சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, குழந்தைகளைப் பொறுத்தவரை, இந்த உணர்வு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும் என்றும், விளையாட்டிலும் உடையிலும் உள்ள விருப்பத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்றும் வரையறுக்கிறது. ஆகவே பயிற்சி பெற்ற மருத்துவர் முதலில் செய்வது குழந்தையைப் பேசவிட்டுக் கேட்பது. பல சந்திப்புகளில், பல மாதங்களில், அது தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது. பருவமெய்துவதற்கு முன் இதற்கென்று மருந்தோ அறுவையோ தரப்படுவதில்லை.